மொழி கேட்காத வடிவப் புதிர்கள்: கணக்கு பொதுச்சொத்து, உழைப்புக்கான ஊதியம் யாருக்கு?

வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற எளிய வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி, திரையில் காட்டப்படும் உருவத்தை அமைக்கச் சொல்லும் புதிர் விளையாட்டுகள் கைத்தொலைபேசிகளில் தனியொரு வகையாகவே வளர்ந்துள்ளன. அவற்றில் கதை இல்லை, பாத்திரங்கள் இல்லை, பெரும்பாலும் எழுத்தும் இல்லை. இரண்டு அல்லது மூன்று நிறங்களும் சில கோடுகளும் மட்டுமே உள்ளன.

பார்வைக்கு எளியவையாகத் தோன்றும் இவ்விளையாட்டுகளின் பின்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இவற்றின் கணக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கணக்குக்கு எவரேனும் உரிமை கொண்டாட முடியுமா? இலவசம் என்று தரப்படும் விளையாட்டுக்கு உண்மையில் விலை கொடுப்பது யார்?

இக்கேள்விகளை ஐக்கிய அரபு எமிரேட்ஸின் ஷார்ஜா நகரில் உள்ள ரோலா போன்றதொரு பகுதியிலிருந்து பார்ப்பது பொருத்தமாக இருக்கும். இத்தகைய விளையாட்டுக்கு இயல்பான பயனாளர்கள் அங்கே வாழ்கிறார்கள். வடிவங்களை மேற்பொருத்தும் கலையை நூற்றாண்டுகளாக வளர்த்த இரு மரபுகள், அதாவது இஸ்லாமிய அலங்காரக் கலையும் தென்னிந்தியக் கோலமும், அங்கே அருகருகே இருக்கின்றன. கணினி விளையாட்டுத் தொழிலில் இன்று பெரும் பணத்தை முதலீடு செய்து வருவதும் வளைகுடா நாடுகள்தான்.

பல மொழிகளின் சந்திப்பு

ரோலா என்ற பெயர், ஒரு காலத்தில் அங்கு நிழல் பரப்பி நின்ற ஆலமரத்திலிருந்து வந்தது. மரம் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னரும் சதுக்கத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. மலையாளம், தமிழ், இந்தி, உருது, வங்காளம், சிங்களம், தகலாகு, அரபு என்று பல மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம் அது.

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 35 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் வாழ்கின்றனர். இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்களும் பெருமளவில் உள்ளனர். ஒரே அறையில் தங்கியிருக்கும் நான்கு பேருக்கு நான்கு தாய்மொழிகள் இருப்பது அங்கு அபூர்வமல்ல.

இத்தகைய சூழலில், சொல் விளையாட்டுகளும் ஆங்கிலத்தில் கதை சொல்லும் விளையாட்டுகளும் ஒரு சாராருக்கு மட்டுமே பயன்படும். வடிவப் புதிருக்கு அந்தத் தடை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும், அரபு எழுத்தை வலமிருந்து இடமாகப் படிப்பவரும், தமிழை இடமிருந்து வலமாகப் படிப்பவரும் ஒரே திரையை ஒரே விதமாகப் புரிந்துகொள்ள முடியும்.

இன்னொரு காரணம் நேரம். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம், கடையில் வாடிக்கையாளர் இல்லாத கால் மணி நேரம், கோடையில் கிடைக்கும் கட்டாய நண்பகல் இடைவேளை என்று இம்மக்களின் ஓய்வு துண்டு துண்டாகவே அமைகிறது. வெயிலில் வெளிவேலை செய்வதற்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் நேரத்தில் விதிக்கப்படும் தடை, எமிரேட்ஸில் 2005ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. ஓரிரு நிமிடத்தில் ஒரு கட்டத்தை முடித்துவிட்டு நிறுத்தக்கூடிய விளையாட்டு அத்தகைய வாழ்வுக்கு ஏற்றதாக இருக்கிறது.

ஒற்றையா, இரட்டையா?

இவ்விளையாட்டுகளின் அடிப்படை விதியைத் தமிழ்ச் சிறுவர்கள் கைக்குள் புளியங்கொட்டைகளை மறைத்துக்கொண்டு கேட்கும் ஒரு கேள்வியால் விளக்கிவிடலாம்: ஒற்றையா, இரட்டையா?

வெள்ளைத் திரையில் ஒரு கறுப்புச் சதுரம் இருக்கிறது. அதன்மேல் பாதியளவு படியும்படி இன்னொரு கறுப்புச் சதுரத்தை வைத்தால், இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் இரண்டும் ஒன்றிய பகுதி மீண்டும் வெள்ளையாகிவிடும். மூன்றாவது வடிவம் ஒன்று அதே பகுதியின் மேல் வந்தால், அது மறுபடியும் கறுப்பாகும். ஓரிடத்தை மூடும் வடிவங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அவ்விடம் கறுப்பு. இரட்டைப்படையாக இருந்தால் வெள்ளை. விதி இவ்வளவுதான்.

இதற்கு ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். பக்கத்துக்கு நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தில் 16 கட்டங்கள் உள்ளன. அதே அளவுள்ள இரண்டு சதுரங்கள் நான்கு கட்டங்களில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், கறுப்பாகத் தெரிவது 32 கட்டங்கள் அல்ல, 28 கட்டங்களும் அல்ல, 24 கட்டங்களே. படிந்த நான்கு கட்டங்களும் இரு சதுரங்களின் கணக்கிலிருந்தும் கழிந்துவிடுகின்றன.

மூன்று வட்டங்களை ஒன்றோடொன்று படியும்படி வைத்தால் ஏழு பகுதிகள் உருவாகின்றன. ஒரு வட்டம் மட்டுமே மூடும் மூன்று பகுதிகள் கறுப்பாகத் தெரியும். இரண்டு வட்டங்கள் மூடும் மூன்று பகுதிகள் வெளுத்துவிடும். மூன்றும் சேரும் நடுப்பகுதி மீண்டும் கறுக்கும். மூன்று வட்டங்களை மட்டுமே வைத்திருந்தும் திரையில் ஒரு பூ வடிவம் தோன்றிவிடுகிறது.

இந்த விதியிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, எந்த வடிவத்தை முதலில் வைத்தாலும், எதைக் கடைசியில் வைத்தாலும் இறுதி உருவம் மாறாது. இரண்டாவது, ஒரே வடிவத்தை அதே இடத்தில் இரண்டு முறை வைப்பது வைக்காததற்குச் சமம்.

ஆகவே, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓரிடம் மட்டுமே நிர்ணயிக்கப்பட்டுள்ள புதிரில், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது மட்டுமே கேள்வி. பத்து வடிவங்கள் இருந்தால் 1,024 சேர்க்கைகளே சாத்தியம். வரிசையும் முக்கியமாக இருந்திருந்தால், பத்தையும் அடுக்கும் முறைகளே 36 லட்சத்தைத் தாண்டியிருக்கும். புதிர் கடினமாகவும் இருக்கிறது, மனிதர் தீர்க்கக்கூடியதாகவும் இருக்கிறது என்றால் அதற்கு இந்தச் சுருக்கமே காரணம்.

தேர்ந்த விளையாட்டாளர்கள் கையாளும் வழியும் இதிலிருந்தே வருகிறது. உருவத்தின் ஓரங்களில், ஒரே ஒரு வடிவம் மட்டுமே எட்டக்கூடிய மூலை ஒன்றை அவர்கள் முதலில் தேடுகிறார்கள். அந்த மூலை கறுப்பாக இருந்தால் அவ்வடிவம் கட்டாயம் தேவை. வெள்ளையாக இருந்தால் அது தேவையில்லை. அந்த ஒரு முடிவு அடுத்த முடிவுக்கு வழிகாட்டுகிறது.

விளையாட்டுக்கு அப்பால்

இதே கணக்கைக் கொண்டு 1995ஆம் ஆண்டு டைகர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 'லைட்ஸ் அவுட்' என்ற சிறு கருவியை வெளியிட்டது. 25 விளக்குகள் கொண்ட சதுரத்தில் ஒன்றை அழுத்தினால், அதுவும் அதன் அண்டை விளக்குகளும் நிலை மாறும். எல்லா விளக்குகளையும் அணைக்க வேண்டும்.

அதில் 3 கோடியே 35 லட்சத்துக்கும் அதிகமான தொடக்க நிலைகள் சாத்தியம். ஆனால் அவற்றில் சரியாக நான்கில் ஒரு பங்கு நிலைகளை மட்டுமே தீர்க்க முடியும் என்பதைக் கணிதவியலாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். எஞ்சியவற்றை எத்தனை ஆண்டுகள் முயன்றாலும் தீர்க்க இயலாது. விளையாட்டை வடிவமைப்பவர் இந்தக் கணக்கை அறியாமல் புதிர்களைத் தாறுமாறாக உருவாக்கினால், விளையாடுபவரின் பொறுமையை வீணாகச் சோதிப்பதில்தான் அது முடியும்.

இரண்டு முறை படிந்தால் மறைந்துவிடும் என்ற இப்பண்பு பொழுதுபோக்கோடு நின்றுவிடவில்லை. ஒரு செய்தியின்மேல் இரகசியக் குறி ஒன்றைப் படியவைத்தால் செய்தி உருமாறுகிறது. அதே குறியை மறுமுனையில் மீண்டும் படியவைத்தால் மூலச் செய்தி திரும்பிவிடுகிறது. அமெரிக்க அரசு 2001ஆம் ஆண்டு தரமாக ஏற்றுக்கொண்டு, இன்று உலகெங்கும் பயன்படுத்தப்படும் 'ஏ.ஈ.எஸ்.' என்ற மறைகுறியாக்க முறையின் ஒவ்வொரு சுற்றிலும் இந்தச் செயல் இடம்பெறுகிறது. வளைகுடாவிலிருந்து கைத்தொலைபேசி வழியாக ஊருக்கு அனுப்பப்படும் பணத்தின் பாதுகாப்பிலும் ஒற்றை இரட்டைக் கணக்குக்கு ஒரு பங்கு உண்டு.

வளைகுடாவின் சுவர்களில்

நவீன வடிவமைப்பாளர்களின் கண்டுபிடிப்பு போலத் தோன்றும் இந்த அழகியலுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. உயிருள்ளவற்றின் உருவங்களைச் சமயக் கட்டடங்களில் தவிர்த்த இஸ்லாமியக் கலைஞர்கள், வட்டத்தையும் கோட்டையும் மட்டும் கொண்டு ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு முனைகள் கொண்ட நட்சத்திரங்களை உருவாக்கினார்கள். ரோலாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஷார்ஜா இஸ்லாமிய நாகரிக அருங்காட்சியகத்தில், 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்டது முதல், அந்தக் கலையும் அதற்குப் பின்னணியான அறிவியலும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

இந்த அலங்காரங்கள் எவ்வாறு வரையப்பட்டன என்ற புதிருக்கு விடை தேடியவர்களில் ஒருவர், இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் நுண்ணுயிரியல் அறிஞர் எர்னஸ்ட் ஹான்கின். கங்கை, யமுனை நீரில் காலரா கிருமிகள் அழிவதை 1896ஆம் ஆண்டு பதிவு செய்தவர் என்ற வகையில் அவர் அறியப்பட்டவர். ஃபதேபூர் சிக்ரியில் உள்ள பழைய குளியல் மாடம் ஒன்றின் சுவரில், அலங்காரக் கோடுகளுக்கு அடியில் மெல்லியதாகக் கீறப்பட்டிருந்த பலகோண வடிவங்களை அவர் கவனித்தார்.

கலைஞர்கள் முதலில் ஒன்றையொன்று தொடும் பலகோணங்களை வரைந்து, அவற்றின் பக்கங்களின் நடுப்புள்ளிகளிலிருந்து குறுக்குக் கோடுகளை நீட்டி, பிறகு பலகோணங்களை அழித்துவிட்டார்கள் என்பது அவரது முடிவு. இதை விளக்கும் அவரது நூலை இந்தியத் தொல்லியல் துறை 1925ஆம் ஆண்டு வெளியிட்டது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது விடை மட்டுமே. புதிர் சுவருக்குள் மறைந்திருக்கிறது.

இரானின் இஸ்ஃபஹான் நகரில் 1453ஆம் ஆண்டு கட்டப்பட்ட தர்பி இமாம் வழிபாட்டிடத்தின் அலங்காரத்தை ஆராய்ந்த பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் ஆகிய இரு அறிவியலாளர்கள், ஐந்தே வகையான ஓடுகளின் தொகுப்பைக் கொண்டு அத்தகைய சிக்கலான அமைப்புகளை உருவாக்க முடியும் என்று 2007ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மேற்கத்திய கணிதவியலாளர்கள் 1970களில் கண்டறிந்த, ஒருபோதும் அப்படியே திரும்ப வராத அமைப்புகளை அது நெருங்கியிருந்தது என்பதே அவர்களது வாதம்.

அபுதாபியில் 2017ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட லூவ்ர் அருங்காட்சியகத்தின் கூரை இம்மரபின் இன்றைய வடிவம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஷான் நூவெல் வடிவமைத்த அந்தக் குவிமாடத்தின் விட்டம் 180 மீட்டர். உலோகத்தாலான 7,850 நட்சத்திர வடிவங்கள் எட்டு அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று அமைக்கப்பட்டுள்ளன. எட்டு அடுக்குகளின் இடைவெளிகளும் ஒரே நேர்கோட்டில் அமையும் இடத்தில் மட்டும் கதிர் கீழே விழுகிறது. சூரியன் நகர நகர அந்த இடங்களும் மாறுகின்றன. கைத்தொலைபேசித் திரையில் நிகழும் அதே மேற்பொருத்தல் அங்கே ஒரு கட்டடத்தின் அளவில் நிகழ்கிறது.

தமிழர் வாசலில்

ரோலாவின் தமிழர்களுக்கு இக்கணக்கு வேறொரு வழியிலும் அறிமுகமானது. மேல்நோக்கிய முக்கோணத்தின்மீது கீழ்நோக்கிய முக்கோணத்தை வரைந்தால் கிடைக்கும் ஆறுமுனை நட்சத்திரம், இஸ்லாமிய அலங்காரத்தில் உள்ளதைப் போலவே தமிழகத்து வாசல் கோலத்திலும் உண்டு. மண் வாசல் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அது பல வீடுகளில் ஒட்டுப்படமாக மாறியிருக்கிறது.

ஸ்ரீசக்கரம் இன்னும் சிக்கலானது. மேல்நோக்கிய நான்கு முக்கோணங்களும் கீழ்நோக்கிய ஐந்து முக்கோணங்களும் ஒன்றையொன்று வெட்டி 43 சிறு முக்கோணங்களை உருவாக்குகின்றன. மூன்று கோடுகள் சந்திக்க வேண்டிய இடங்களில் அவை பிசகாமல் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு வரைவது, கணிதவியலாளர்கள் தனி ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கடினமான வடிவியல் சிக்கலாகும்.

கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுசென்ற பணி சென்னையில் நடந்தது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ரங்கோலி வகையல்லாத புள்ளிக் கோலங்களைச் சில விதிகளின் தொகுப்பாக, ஒரு மொழியின் இலக்கணத்தைப் போல, எழுத முடியும் என்று காட்டினார். ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 1974ஆம் ஆண்டு சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலத்தை எந்த விதியின்படி வளர்ப்பது என்பதைக் கணினிக்குச் சொல்லித்தரும் வழி அதனால் கிடைத்தது.

கைத்தொலைபேசிப் புதிர் ஒன்றுக்குத் தேவையானதும் அதுவே: சில விதிகள், அவற்றிலிருந்து முடிவின்றி வளரும் கட்டங்கள். அந்த அறிவு தமிழகத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கணினிக்கு ஏற்ற வடிவில் எழுதப்பட்டுவிட்டது.

எளிமையின் விலை

மரபு பொதுவானதாக இருக்கலாம். ஆனால் அதிலிருந்து ஒரு நல்ல விளையாட்டை உருவாக்குவதற்கு உழைப்பு தேவைப்படுகிறது. எளிமையாகத் தோன்றும் விளையாட்டுக்கு உழைப்பும் குறைவாகவே தேவைப்பட்டிருக்கும் என்ற எண்ணம் தவறானது.

லண்டனில் இயங்கும் அஸ்டூ நிறுவனம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட 'மான்யுமென்ட் வேலி' இதற்கு ஓர் உதாரணம். டச்சு ஓவியர் எஷரின் படங்களிலிருந்து ஊக்கம் பெற்ற விளையாட்டு அது. அந்த எஷரோ, ஸ்பெயினில் அரபு மன்னர்கள் கட்டிய அல்ஹம்ப்ரா அரண்மனையின் வடிவ அலங்காரங்களை 1922, 1936 ஆகிய ஆண்டுகளில் நேரில் கண்டு வியந்தவர்.

அந்த விளையாட்டை உருவாக்க 55 வாரங்களும், சுமார் 8 லட்சத்து 52 ஆயிரம் டாலரும் செலவானதாக அந்நிறுவனம் 2015ஆம் ஆண்டு ஜனவரியில் தெரிவித்தது. வருவாய் 50 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் நிறுவப்பட்ட பிரதிகளில் 5 சதவீதத்துக்கும், ஆப்பிள் கருவிகளில் நிறுவப்பட்டவற்றில் 40 சதவீதத்துக்கும் மட்டுமே விலை செலுத்தப்பட்டிருந்தது. ஒருவரே பல கருவிகளில் நிறுவிக்கொள்வதும் இக்கணக்கில் அடங்கும் என்பதால் எஞ்சிய அனைத்தையும் திருட்டு என்று கூறிவிட முடியாது. ஆயினும் இடைவெளி மிகப் பெரியது.

'த்ரீஸ்' என்ற எண் புதிரின் அனுபவம் இன்னும் கசப்பானது. ஆஷர் வால்மர், கிரெக் வோல்வெண்ட் ஆகிய இரு அமெரிக்கர்கள் சுமார் 14 மாதங்கள் உழைத்து, 2014 பிப்ரவரியில் அதை 1.99 டாலர் விலையில் வெளியிட்டனர். சில வாரங்களுக்குள் அதைப் பின்பற்றிய விளையாட்டுகள் தோன்றின. அவற்றைப் பார்த்து இத்தாலிய இளைஞர் கேப்ரியேலே சிருல்லி ஒரு வார இறுதியில் எழுதிய '2048' உலகெங்கும் பரவியது. அவர் அதை இலவசமாகவும், எவரும் எடுத்தாளும் வகையிலும் வெளியிட்டார். அதை எடுத்து விளம்பரங்களுடன் வெளியிட்டவர்கள் பலர். முதலில் உழைத்தவர்களின் விளையாட்டே நகல் என்று கருதப்படும் நிலை உருவானது. 'த்ரீஸ்' விளையாட்டுக்கும் விளம்பரத்துடன் கூடிய இலவசப் பதிப்பு ஒன்று 2015ஆம் ஆண்டு வெளியானது.

சட்டம் எதைக் காக்கிறது?

இதில் சட்டத்தின் பாதுகாப்பு குறைவு. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை, காப்புரிமை என்பது வெளிப்பாட்டுக்கு மட்டுமே உரியது, கருத்துக்கோ, செய்முறைக்கோ, கணிதக் கோட்பாட்டுக்கோ உரியதல்ல என்று தெளிவாகக் கூறுகிறது. இந்தியா, இலங்கை, எமிரேட்ஸ் ஆகிய மூன்றும் அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள். எமிரேட்ஸ் 2021ஆம் ஆண்டு இயற்றிய காப்புரிமைச் சட்டமும் இதே எல்லையை வகுக்கிறது.

அதாவது, மேற்பொருந்தும் இடம் வெளுக்கும் என்ற விதிக்கு எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. குறிப்பிட்ட வரைகலை, இசை, எழுதப்பட்ட நிரல் ஆகியவற்றுக்கே பாதுகாப்பு உண்டு. கதையும் பாத்திரங்களும் கொண்ட விளையாட்டில் பாதுகாக்கத்தக்கவை நிறைய இருக்கின்றன. இரண்டு நிறங்களும் நான்கு வடிவங்களும் மட்டுமே கொண்ட விளையாட்டில் அவை மிகக் குறைவு. எளிமையே அதன் பலவீனமாகிறது.

'டெட்ரிஸ்' வழக்கு இந்த எல்லையைச் சற்று நகர்த்தியது. அவ்விளையாட்டின் விதிகளோடு தோற்றத்தையும் அப்படியே பின்பற்றிய நகல் ஒன்று உரிமை மீறலே என்று 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஆனால் விதிகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை அத்தீர்ப்பும் ஏற்றுக்கொண்டது. 1984ஆம் ஆண்டு மாஸ்கோவில் அவ்விளையாட்டை உருவாக்கிய அலெக்ஸி பஜித்னோவுக்கு, உரிமைகள் சோவியத் அரசின் கையில் இருந்த காரணத்தால், 1996ஆம் ஆண்டு வரை உரிமத்தொகை கிடைக்கவில்லை என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

விதியைப் பொதுவில் வைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. எண்முனை நட்சத்திரத்துக்கோ, ஐந்து புள்ளிக் கோலத்துக்கோ ஒரு நிறுவனம் உரிமை பெற்றுவிட முடியுமானால், நூற்றாண்டுகளாக அதை வரைந்துவரும் மக்களே அந்நியராகிவிடுவார்கள். உழைத்தவரைக் காக்காத அதே விதிதான் மரபைக் காக்கிறது.

'இலவசம்' என்பதன் பொருள்

விலைக்கு விற்றால் நகலெடுக்கப்படும் என்ற நிலையில், பெரும்பாலான புதிர் விளையாட்டுகள் இலவசமாக வழங்கப்பட்டு, விளம்பரங்கள் மூலம் வருவாய் தேடுகின்றன. ஒரு கட்டத்தை முடிக்க ஒரு நிமிடம், அதன்பின் விளம்பரம் பார்க்க அரை நிமிடம் என்பது பலருக்கும் பழகிப்போன அனுபவம்.

இந்த ஏற்பாட்டின் சுமை எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. விளம்பரம் நீக்கக் கட்டணம் செலுத்தக்கூடியவர் அமைதியாக விளையாடுகிறார். மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, முன்பணம் செலுத்திய இணைப்பில் இணையத்தை அளந்து பயன்படுத்தும் தொழிலாளி, காணொளி விளம்பரங்களுக்காகத் தன் தரவையும் ஓய்வு நேரத்தையும் செலவிடுகிறார். விளையாட்டுக்குக் கேட்கப்படும் நான்கு டாலர், அதாவது ஏறத்தாழ 15 திர்ஹம், அவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையை ஒத்தது. எனவே அவர் இலவசப் பதிப்பைத் தேர்வதைக் குறை கூற இயலாது.

குழந்தைகள் விஷயத்தில் ஆபத்து வேறு வகையானது. பெற்றோரின் அனுமதியின்றிக் குழந்தைகள் செயலிகளுக்குள் செய்த கொள்முதல்களுக்காக, ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரையும், கூகுள் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலரையும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 2014ஆம் ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டன. அதன்பின் கட்டுப்பாடுகள் கூடியுள்ளன. ஆயினும் கொள்முதலுக்குக் கடவுச்சொல் கேட்கும் அமைப்பை இயக்கி வைக்கும் பொறுப்பு இன்றும் பெற்றோரைச் சார்ந்தே இருக்கிறது.

விளம்பரமின்றி, இணைய இணைப்புத் தேவைப்படாமல், ஒரே முறை விலை கொடுத்து வாங்கும் புதிர்களும் செயலி அங்காடிகளில் உள்ளன. அவற்றின் விலையில் 30 சதவீதத்தை அங்காடி எடுத்துக்கொள்வதே நீண்ட கால வழக்கம். சிறு நிறுவனங்களுக்கு இதை 15 சதவீதமாக ஆப்பிளும் கூகுளும் 2021ஆம் ஆண்டு குறைத்தன.

பெரும் பணம் போகும் திசை

இந்தப் பின்னணியில்தான் வளைகுடா அரசுகள் விளையாட்டுத் தொழிலில் காட்டும் ஆர்வத்தைப் பார்க்க வேண்டியுள்ளது. சவூதி அரேபிய அரசு நிதியத்துக்குச் சொந்தமான சாவி கேம்ஸ் நிறுவனம், கைத்தொலைபேசி விளையாட்டு நிறுவனமான ஸ்கோப்லியை 2023ஆம் ஆண்டு 490 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த நிதியம் இடம்பெற்ற முதலீட்டாளர் குழு, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 5,500 கோடி டாலர் மதிப்பில் வாங்கும் உடன்பாட்டை 2025 செப்டம்பரில் அறிவித்தது. துபாய் அரசு 2023 நவம்பரில் அறிவித்த திட்டம், 2033ஆம் ஆண்டுக்குள் இத்துறையில் 30 ஆயிரம் வேலைவாய்ப்புகளை உருவாக்குவதை இலக்காகக் கொண்டுள்ளது.

எண்ணெய் வருவாய்க்கு மாற்றுத் தேடும் அரசுகளுக்கு இம்முதலீடுகள் பொருளாதாரக் கணக்கில் பொருள் உள்ளவையாக இருக்கலாம். ஆனால் இப்பணத்தின் பெரும்பகுதி, ஏற்கெனவே வெற்றி பெற்ற மேற்கத்திய நிறுவனங்களை வாங்குவதற்கே செல்கிறது. மக்களைத் திரும்பத் திரும்பப் பணம் செலுத்த வைக்கும் இலவச விளையாட்டுகளே அந்நிறுவனங்களில் சிலவற்றின் முதன்மை வருவாய். இரண்டு மூன்று பேர் ஓராண்டு உழைத்து உருவாக்கும் சிறு புதிருக்கு ஆகும் செலவு, இத்தொகைகளோடு ஒப்பிட்டால் கணக்கில் வராத அளவு சிறியது.

இரானின் மஹ்தி பஹ்ராமி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட 'எங்காரே' என்ற புதிர், நகரும் வடிவத்தின்மேல் உள்ள ஒரு புள்ளி எந்தக் கோட்டை வரையும் என்று கேட்டு, விடையாக இஸ்லாமிய அலங்காரங்களை விரியச் செய்கிறது. மரபை அருங்காட்சியகத்தில் வைப்பதோடு நிற்காமல், விளையாடிக் கற்கும் பொருளாக மாற்ற முடியும் என்பதற்கு அது சான்று. பெரும் நிறுவனம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

தமிழர் தரப்பிலும் இதே கேள்வி எழுகிறது. கோலத்தின் இலக்கணம் ஆய்விதழ்களில் இருக்கிறது. கணினி நிரல் எழுதத் தெரிந்த தமிழர்கள் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஓராண்டு காலம் வேறு வேலையின்றி இதில் ஈடுபட வேண்டுமானால், அந்த ஓராண்டுக்கான ஊதியத்தை முன்கூட்டியே தரக்கூடிய அமைப்பு ஒன்று வேண்டும். சந்தையை மட்டும் நம்பி இறங்கினால், வெற்றி பெற்ற மறுவாரமே நகல் வந்துவிடும் என்பதைக் கடந்த பத்தாண்டுகளின் அனுபவம் காட்டியிருக்கிறது.

அரசுகளோ, பல்கலைக்கழகங்களோ, தமிழ் அமைப்புகளோ அத்தகைய சிறு நல்கைகளை வழங்க முன்வந்தால், உருவாகும் விளையாட்டு விளம்பரமின்றி எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்க முடியும். உருவாக்கியவருக்கு ஊதியம் முன்னரே கிடைத்திருக்கும். நகலெடுப்பவரால் அவருக்கு இழப்பு இராது. ரோலாவில் தன் ஓய்வு நேரத்தில் அதை விளையாடுபவரும் விளம்பரத்துக்காகத் தன் தரவை இழக்க வேண்டியிராது.